பெண் பிள்ளைகளின் விளையாட்டு நேரத்தைத் திருடலாமா?

பெண்கள் பள்ளிக்கூடங்களில் ஆண்டு விழாக் காலம் வந்துவிட்டால் ஊரெல்லாம் ஒரே கலகலப்பாகிவிடுகின்றது. பந்தல், வாழைமரம், ஒலிபெருக்கி, பொன்னாடை, பெரிய மனிதர்கள், தலைமை ஆசிரியையின் அறிக்கை ஆகிய எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன. இத்தனை பேர் தேறினார்கள், இத்தனை பேர் நூற்றுக்கு நூறு வாங்கினார்கள், மாவட்டப் போட்டியில் இத்தனை கோப்பைகள் கிடைத்தன என்பதாகக் கணக்குப் படிக்கப்படுகின்றது. நாமும் கைதட்டிவிட்டு வீடு வந்து சேருகின்றோம். ஆனால் அந்த அறிக்கையில் எப்போதும் படிக்கப்படாத கணக்கு ஒன்று இருக்கின்றது. அதைப் பற்றித்தான் இங்கு எழுதப் புகுகின்றோம்.

சமீபத்தில் பக்கத்து ஊர்ப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் பரிசளிப்பு விழாவுக்குப் போயிருந்தோம். ஓட்டத்தில் மூன்று பரிசுகள் வாங்கிய ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மேடையேறி இறங்கினாள். நமக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவர்தான் அவளுடைய தகப்பனார் என்று தெரிந்தது. மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அடுத்த வருஷம் ஜில்லாவைத் தாண்டிப் போவாள் போலிருக்கிறதே" என்றோம். "இல்லீங்க, இதோட சரி. வர்ற வருஷம் பத்தாவது. வயசுக்கு வந்த பொண்ணு வேற. இன்னமும் ஓடிக்கிட்டிருந்தா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்றார்.

விழா முடிந்த பின்பு அப்பள்ளியின் விளையாட்டு ஆசிரியையைக் கண்டு, "பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் விளையாட்டு பீரியட் உண்டா, அம்மா?" என்று கேட்டோம். "கால அட்டவணையில் உண்டு" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. கணக்கு ஆசிரியர் ஒரு நாள் கடன் வாங்குவார். விஞ்ஞான ஆசிரியர் மறுநாள் வாங்குவார். அமைச்சர்களே மேடையேறி "விளையாட்டு பீரியடைக் கடன் வாங்காதீர்கள்" என்று வேண்டிக்கொள்ளும்படியான அளவுக்கு இந்த வழக்கம் நம் நாட்டில் வேரூன்றியிருக்கின்றது. திருப்பிக் கொடுக்கிற உத்தேசமே இல்லாமல் வாங்குவதற்குக் கடன் என்று பெயரிடுவது சரிதானா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

ஆகவே அன்று அந்தப் பெண்ணுக்கு நடந்தது பரிசளிப்பு விழா என்று நமக்குத் தோன்றவில்லை. அவளுடைய ஓட்டத்துக்கு நடத்திய பிரிவுபசார விழா என்றே தோன்றிற்று.

நிற்க, "பையன்கள் பள்ளிக்கூடத்திலும் இப்படித்தானே பீரியடை வாங்கிக்கொள்ளுகின்றார்கள்? பெண்களுக்கு மாத்திரம் என்ன தனி அநியாயம்?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்விதான். பையன் மாலை நாலரை மணிக்குப் பள்ளியை விட்டால் என்ன செய்கின்றான்? பையை வீட்டுத் திண்ணையில் வீசிவிட்டு ஓடுகின்றான். தெரு அவனுடையது; குளத்தங்கரை அவனுடையது; அறுப்பு முடிந்த வயல் அவனுடையது. இருட்டிய பிறகு வந்தாலும், "எங்கேடா போனாய்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சோறு போடுகின்றோம். பெண்ணோ வீட்டுக்கு வந்தால் குடத்தைத் தூக்க வேண்டும், தம்பியைப் பார்க்க வேண்டும், பாத்திரம் துலக்க வேண்டும், விளக்கு வைப்பதற்குள் வாசலுக்குள் இருக்க வேண்டும். ஆகவே பையனுக்குப் பள்ளிக்கூடத்து விளையாட்டு நேரம் பத்தோடு பதினொன்று. பெண்ணுக்கோ உள்ளதே அது ஒன்றுதான். பத்து ரூபாய் உள்ளவனிடத்தில் ஒரு ரூபாய் எடுப்பதும், ஒரே ரூபாய் உள்ளவளிடத்தில் அந்த ஒன்றையும் எடுத்துக்கொள்ளுவதும் ஒரே மாதிரியான காரியமாகுமா என்று கேட்கின்றோம்.

இனி, "பெண்கள்தான் படிப்பில் ஜெயித்துவிட்டார்களே, இன்னும் என்ன குறை?" என்று சொல்லுகிறவர்களுடைய வாதத்தைப் பார்ப்போம். அவர்கள் சொல்லுவது பொய்யல்ல. தமிழ்நாட்டில் 2025 மார்ச்சில் நடந்த பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் பெண்களில் நூற்றுக்கு 96.70 பேரும், பையன்களில் நூற்றுக்கு 93.16 பேரும் தேறினார்கள். அதற்கு முந்திய 2024ஆம் வருஷத்திலும் பெண்கள் 96.44, பையன்கள் 92.37 என்ற கணக்கில் பெண்களே முன்னால் நின்றார்கள். பெண்ணுக்கு மூளை குறைவு என்று சொல்லி வந்த சாஸ்திரக்காரர்களுக்கு இந்தக் கணக்கு ஒன்றே போதுமான பதிலாகும்.

ஆனால், பரீட்சை மண்டபத்தில் முன்னால் நிற்கின்ற இந்தப் பெண்கள் வெளியில் வந்தவுடன் எங்கே போய்விடுகின்றார்கள்? 2021ஆம் வருஷத் தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 234 பேரில் பெண்கள் 12 பேர்தான். இதற்குக் காரணங்கள் பல உண்டு. முக்கியமான பழி ஆண்களுடைய சுயநலத்தையே சாரும் என்பதிலும் நமக்குச் சந்தேகமில்லை. என்றாலும் பள்ளிக்கூடத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மார்க்கு வாங்குவதற்கு வேண்டியது என்ன? உட்கார் என்றால் உட்கார வேண்டும். சொல்லிக் கொடுத்ததை மனதில் வைக்க வேண்டும். கேட்டதை மாத்திரம் எழுத வேண்டும். இந்த மூன்றையும் நம் வீடுகள் பெண்ணுக்குத் தொட்டிலிலிருந்தே சொல்லிக் கொடுத்துவிடுகின்றன. சபையில் எழுந்து பேசுவது, எதிரியின் வாதத்தை மறுப்பது, பதினொரு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு காரியம் செய்வது, தோற்றுப் போனால் அழாமல் மறுநாள் மறுபடியும் மைதானத்துக்கு வருவது ஆகியவைகளை எந்த வீட்டில் சொல்லிக் கொடுக்கின்றார்கள்? இவைகளையெல்லாம் அவள் கற்றுக்கொள்ளும்படியான இடங்கள் பேச்சு மன்றமும், விஞ்ஞானக் கழகமும், சாரணியர் படையும், நாடக மேடையும், கபடிக் களமுமேயாகும். இவைகளுக்குத்தான் "பாடத்துக்குப் புறம்பானவை" என்று பெயர் வைத்திருக்கின்றார்கள். பெண்ணின் மட்டில் இவைகளே பாடம் என்பது நமது அபிப்பிராயம்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் சொல்லுகின்றோம். சுதந்தரத்தின் 75ஆம் வருஷத்தையொட்டி, சென்னையிலுள்ள ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா என்னும் ஸ்தாபனத்தார் நாடு முழுவதும் 75 அரசாங்கப் பெண்கள் பள்ளிகளைப் பொறுக்கி, பள்ளிக்குப் பத்துப் பேர் வீதம் 750 பெண்களைச் சேர்த்து, "ஆசாதிசாட்" என்ற எட்டுக் கிலோ எடையுள்ள சிறு செயற்கைக் கோளைத் தயாரித்தார்கள். மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் பெண்களும் அதில் சேர்ந்திருந்தார்கள். பெண் பிள்ளைகளே தனியாகக் கோள் செய்துவிட்டார்கள் என்று சிலர் மிகைப்படுத்திச் சொன்னது உண்டு. அது சரியல்ல. பள்ளிக்கு ஒன்றாகச் சுமார் 50 கிராம் எடையுள்ள சிறு மின்னணுக் கருவி கொடுக்கப்பட்டது. அதற்குக் கட்டளைகள் எழுதி இயங்கச் செய்ததுதான் அந்தப் பெண்களுடைய வேலை. கூலிவேலைக்குப் போகின்ற பெற்றோர்களும் பிள்ளைகளை அனுப்பி வைக்கின்ற அரசாங்கப் பள்ளிகளில் இவ்வளவு நடந்ததே பெரிய காரியமாகும்.

2022 ஆகஸ்ட் 7ந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி 18 நிமிஷத்துக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பிற்று. பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பாருங்கள்: அது ராகு காலமும் அல்ல, எமகண்டமும் அல்ல. இருந்தும் கோள் நிலைக்கவில்லை. இரண்டாவது அடுக்குக் கழன்றபோது உண்டான அதிர்ச்சியில், வேகத்தை அளக்கும் கருவிகள் பழுதாகிவிட்டன என்று கம்ப்யூட்டர் தப்பாக முடிவு கட்டிவிட்டது. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டிய கோள், ஒரு பக்கம் 76 கிலோமீட்டர் வரையில் தாழ்ந்து வரும்படியான பாதையில் விடப்பட்டு நாசமாயிற்று. நம் வீடுகளில் ஒரு காரியம் கெட்டுப் போனால், எந்தப் பெண் காலடி வைத்த நேரம் என்று முதலில் தேடுவோம். அங்கே அப்படித் தேடவில்லை. எந்தக் கருவி, எந்தக் கணம், எதனால் என்று தேடினார்கள், கண்டுபிடித்தார்கள், திருத்தினார்கள். 2023 பிப்ரவரி 10ந் தேதி, அதே 9 மணி 18 நிமிஷத்துக்கு, ஆசாதிசாட்-2 என்ற இரண்டாவது கோள் கிளம்பி 450 கிலோமீட்டர் உயரத்தில் சரியாகப் போய்ச் சேர்ந்தது.

ஒரு பெண் தன் கையால் செய்த வேலை கண்ணெதிரே அழிந்ததையும், அழிந்ததற்கு விதி காரணமில்லை, பிழையே காரணம் என்பதையும், பிழையைத் திருத்தினால் ஜெயிக்கலாம் என்பதையும் ஆறே மாதத்தில் கண்டுகொண்டாள் என்றால், அதற்கு ஈடான பாடம் எந்தப் புஸ்தகத்தில் இருக்கின்றது? ஆனால் பள்ளிக்குப் பத்துப் பேர்தான் இதைக் கண்டார்கள் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. மற்ற நூற்றுக்கணக்கான பெண்களுக்கு அன்றைக்கும் விளையாட்டு பீரியடில் கணக்குத்தான் நடந்திருக்கும்.

பெண்ணின் உடம்புக்கு ஓட்டம் ஆகாது என்பது நம் ஊர்க் கிழவிகள் மாத்திரம் சொன்ன சங்கதியல்ல. நாகரிகத்தில் முதிர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் ஐரோப்பியர்களும் அப்படியேதான் சொன்னார்கள். 1928ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்துத் தரையில் சாய்ந்தார்கள் என்பதைப் பத்திரிகைகள் பெரும் விபத்தாக வர்ணிக்கவே, அந்தப் பந்தயத்தை எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வர 1960ஆம் வருஷம் வரையில் 32 வருஷங்களாயின. ஆண்கள் ஓடி முடித்துச் சாய்ந்தால் வீரம். பெண்கள் சாய்ந்தால் பலவீனம்! இதுதான் அவர்களுடைய நியாயம்.

கேரளத்தில் நடந்ததைப் பாருங்கள். 1976ல் அந்த அரசாங்கம் பெண்களுக்கென்று விளையாட்டுப் பள்ளி ஏற்படுத்திற்று. அதில் சேர்ந்து கண்ணூரில் பயிற்சி பெற்றவர்தான் பி.டி. உஷா. 1984ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 400 மீட்டர் தடை ஓட்டம் முதன்முதலாக வைக்கப்பட்டபோது, ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்கு வித்தியாசத்தில் அவர் மூன்றாம் இடத்தை இழந்தார். தெய்வ அருளோ பூர்வ புண்ணியமோ அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தவில்லை. மைதானம், சாப்பாடு, பயிற்சியாளர், நேரம் ஆகிய நான்கும் ஒரு கிராமத்துப் பெண்ணுக்குக் கிடைத்தன, அவருடைய உழைப்பும் சேர்ந்தது, காரியம் நடந்தது. நமக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவருடைய மகளுக்கு இந்த நான்கில் எத்தனை கிடைத்தன?

"ஏழை வீட்டுப் பெண்ணுக்கு மார்க்குத்தானே கதி? விளையாட்டு சோறு போடுமா?" என்று பெற்றோர்கள் கேட்பார்கள். அவர்கள்மீது நமக்குக் கோபமில்லை. மார்க்கு வேண்டாம் என்று நாம் சொல்லவுமில்லை. அட்டவணையில் அவளுக்கென்று எழுதிவைத்திருக்கின்ற வாரத்துக்கு இரண்டொரு மணி நேரத்தை அவளிடமே விடுங்கள் என்று மாத்திரந்தான் சொல்லுகின்றோம். அந்த இரண்டு மணியையும் பிடுங்கினால்தான் தேறுவாள் என்றால், பாக்கி நேரமெல்லாம் வகுப்பில் என்ன நடந்தது என்று ஆசிரியர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே, தோழர்களே! அடுத்த ஆண்டு விழாவுக்கு உங்களை அழைத்தால் அவசியம் போங்கள், கைதட்டுங்கள். தட்டி முடித்த பின்பு தலைமை ஆசிரியையிடம் மரியாதையாகச் சில கேள்விகள் கேளுங்கள். கோப்பை வாங்கிய பத்துப் பேர் போக, இந்த வருஷம் மைதானத்தில் காலே வைக்காத பெண்கள் எத்தனை பேர்? பத்தாவது, பன்னிரண்டாவதுக்கு விளையாட்டு பீரியட் நடந்ததா? விளையாட்டு ஆசிரியை உண்டா? மாதவிலக்கு நாளில் பெண்கள் வெட்கப்படாமல் போய் வரும்படி, தண்ணீரும் கதவும் உள்ள கக்கூஸ் உண்டா? பேச்சு மன்றத்தில் எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கின்றார்களா, சொந்தமாகப் பேசுகின்றார்களா? பதில் சரியில்லையென்றால் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். பள்ளிக்கூடம் உங்கள் வரிப் பணத்தில் நடக்கின்றது என்பதை நினைவில் வையுங்கள்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கின்றது. நாளைக்குச் சாயங்காலம் தண்ணீர்க் குடத்தைப் பையனிடம் கொடுத்துவிட்டு, பெண்ணை மைதானத்துக்கு அனுப்புங்கள். நாலு பேர் என்ன சொல்லுவார்களோ என்று பயப்படாதீர்கள். அந்த நாலு பேரில் நீங்களும் நாமும்தான் இருக்கின்றோம். நாம் இருவரும் வாயை மூடிக்கொண்டால் பாக்கி இரண்டு பேர்தானே!