திறனறிந்து தேர்தல்

அறிவை வளர்க்கும் விளையாட்டு எது என்று கேட்டால், சதுரங்கம் என்று விடை சொல்லப் பெற்றோர் எவரும் தயங்குவதில்லை. கணினியில் ஆடும் விளையாட்டைச் சொல்லத்தான் தயங்குகின்றனர். கணினி விளையாட்டு என்றாலே கண்ணுக்குக் கேடு, நேரத்துக்குக் கேடு என்னும் எண்ணம் பல வீடுகளில் வேரூன்றியுள்ளது. அந்த அச்சத்திற்குக் காரணம் உண்டு. ஆயினும் எல்லாக் கணினி விளையாட்டுகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது முறையன்று. கைவேகத்தை மட்டும் வேண்டுவன சில; ஆற அமர எண்ணிப் பார்த்த பின்னரே ஓர் அடி எடுத்து வைக்கச் சொல்வன வேறு சில. முறைவைத்து ஆடும் போர்த்திற விளையாட்டுகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் ஒரு படைத்தலைவனுக்குரிய திறன்களைத் தேர்ந்தெடுக்கும் செயல், மாணவர்க்கு நல்லதொரு சிந்தனைப் பயிற்சியாகும்.

இவ்வகை ஆட்டங்கள் இம்மண்ணுக்குப் புதியனவும் அல்ல. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையைப் பலகையின் மேல் நிறுத்தி, ஒருவர் மாற்றி ஒருவர் காய் நகர்த்தும் சதுரங்கம் இந்தியாவில் பிறந்தது. மைசூரை ஆண்ட மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) பலகை விளையாட்டுகளில் பேரார்வம் கொண்டு, தாமே புதிய ஆட்டங்களையும் வகுத்தவர். இன்று அதே கர்நாடகத்தின் தலைநகரான பெங்களூரு, கணினி விளையாட்டுகளை உருவாக்கும் நகரமாகவும் விளங்குகிறது. துருவா இன்டராக்டிவ் என்னும் நிறுவனம் 1997இல் இங்குதான் தொடங்கப்பட்டது. அசைவூட்டம், காட்சி விளைவுகள், கணினி விளையாட்டு, சித்திரக்கதை ஆகிய துறைகளுக்கெனக் கர்நாடக அரசு 2012இல் தனிக்கொள்கை ஒன்றை வெளியிட்டது. எனவே, இந்நகரத்து மாணவர்க்கு விளையாட்டு பொழுதுபோக்கு மட்டுமன்று. நாளைய தொழிலாகவும் அமையக்கூடும்.

சதுரங்கத்திலேயே திறன் தேர்வுக்கு ஓர் அழகிய சான்று உண்டு. எட்டாம் வரிசையை அடைந்த காலாள், அரசி, யானை, மந்திரி, குதிரை ஆகிய நான்கில் ஒன்றாக உயர்வு பெறும். பெரும்பாலும் ஆட்டக்காரர்கள் அரசியையே கேட்பர். பலகையில் வலிமை மிக்க காய் அதுவே. ஆனால் சில நிலைகளில் அரசியைப் பெறுவதால், எதிரி அரசனுக்கு நகர இடமின்றி ஆட்டம் சமனில் முடிந்துவிடும். வேறு சில நிலைகளில் குதிரையின் வளைந்த பாய்ச்சல் மட்டுமே வெற்றியைத் தரும். வலிமை மிக்கது எப்போதும் பொருத்தமானதாக இருப்பதில்லை என்பதை ஒரு சிறு காலாள் கற்பித்துவிடுகிறது.

இந்த ஒற்றைத் தேர்வைப் பல தேர்வுகளாக விரித்தது, 1999இல் வெளிவந்த ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3’ என்னும் விளையாட்டு. இன்றும் உலகின் பல பகுதிகளில் விரும்பி ஆடப்படுவது அது. கற்பனை நாடொன்றில் கோட்டைகளும் சுரங்கங்களும் காடுகளும் பரந்து கிடக்கும். ஆட்டக்காரர் தம் படைத்தலைவரை நடத்திச் சென்று, வளங்களைச் சேர்த்து, எதிரிகளை வெல்ல வேண்டும். படைத்தலைவர் பட்டறிவு பெற்று ஒவ்வொரு படி உயரும்போதும் இரண்டு மாற்றங்கள் நிகழும். தாக்குதல், தற்காப்பு, மந்திர வலிமை, அறிவு ஆகிய நான்கு அடிப்படைப் பண்புகளுள் ஒன்று தானாகவே கூடும். அடுத்து, இரண்டு துணைத்திறன்கள் திரையில் தோன்றும். அவற்றுள் ஒன்றை ஆட்டக்காரர் தேர்ந்தெடுத்தாக வேண்டும். இரண்டையும் கொள்ளவும் முடியாது, இரண்டையும் தள்ளவும் முடியாது.

விளையாட்டில் உள்ள துணைத்திறன்கள் 28. ஒரு படைத்தலைவர் பெறக்கூடியவையோ எட்டு மட்டுமே. ஒவ்வொரு திறனுக்கும் தொடக்கம், நடு, தேர்ச்சி என மூன்று நிலைகள் உண்டு. ஒருமுறை ஏற்ற திறனை வழக்கமான ஆட்டத்தில் நீக்க இயலாது. பொருந்தாத திறன் ஒன்றை ஏற்றால், எட்டு இடங்களுள் ஒன்று வீணாகும். அத்துடன், பின்வரும் படிகளில் அதன் அடுத்த நிலை மீண்டும் மீண்டும் வந்து நின்று, நல்ல திறன்களின் வாய்ப்பையும் மறிக்கும். ஒரு பிழையின் விலை அது நிகழ்ந்த கணத்தோடு முடிவதில்லை என்னும் உண்மை இங்கே கண்ணெதிரே விளங்குகிறது.

எந்தத் திறன் சிறந்தது? இவ்வினாவிற்கு ஒரே விடை கிடையாது என்பதே இவ்விளையாட்டின் சிறப்பு. தரையில் விரைந்து செல்லும் திறனை எடுத்துக்கொள்ளலாம். அதன் மூன்று நிலைகளும் முறையே 10, 20, 30 விழுக்காடு கூடுதல் தொலைவு நடக்க உதவும். ஒரு நாளைக்குச் சற்றே கூடுதலான தொலைவுதான். ஆனால் அது பல வாரங்களில் சேர்ந்து பெருகும்போது, சுரங்கத்தை முதலில் அடைபவர் யார், கோட்டையைக் காக்க உரிய நேரத்தில் வந்து சேர்பவர் யார் என்பதையெல்லாம் அதுவே முடிவு செய்யும். கடற்பயணத் திறனோ அதைவிட மிகுதியான விழுக்காட்டைத் தரும். தேர்ச்சி நிலையில் கப்பலின் செலவு ஒன்றரை மடங்கு கூடும். எண்ணை மட்டும் பார்ப்பவர் இதையே பெரிதென்பார். ஆனால் வரைபடத்தின் மூலையில் சிறு கடல் மட்டுமே இருக்குமாயின், இத்திறன் ஏட்டில் எழுதிய சர்க்கரையே ஆகும்.

வருவாய் ஈட்டும் திறனும் எண்ணத்தக்கது. அதன் தேர்ச்சி நிலை நாள்தோறும் 500 பொற்காசுகளைத் தரும். முன்னணியில் நின்று போர் புரியும் முதன்மைப் படைத்தலைவருக்கு அது இடத்தை அடைக்கும் சுமை. கோட்டையைக் காத்துக்கொண்டு பின்னணியில் இருக்கும் துணைத்தலைவருக்கோ அதுவே தக்க திறன். திறன் ஒன்றே, அதைத் தாங்குபவரின் பணி மாறும்போது அதன் மதிப்பும் மாறுகிறது. இவற்றிற்கு மாறாக, எதிரி போர்க்களத்தில் கையாளும் மந்திரத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் ‘கழுகுப்பார்வை’ என்னும் திறன், பெயரால் கவர்ச்சி மிக்கது. எதிரி என்ன செய்வார் என்பதையும் நற்பேற்றையும் அது நம்பியிருப்பதால், தேர்ந்த ஆட்டக்காரர் பலர் அதை விரும்புவதில்லை. பெயரின் அழகில் மயங்கித் தேர்பவர் விரைவில் வருந்துவர்.

இத்தகைய தேர்வைப் பற்றி வள்ளுவர் நெடுங்காலத்திற்கு முன்பே ஆழ்ந்து எண்ணியுள்ளார். பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்துவைக்கப்பட்ட அவரது சிலையை இந்நகரத்து மாணவர் பலர் கண்டிருப்பர். திருக்குறளின் 47 முதல் 50 வரையிலான அதிகாரங்கள் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பனவாகும். ஒரு செயலால் அழிவது எது, ஆவது எது, பின்னர் எஞ்சும் பயன் எது என்று கணக்கிடச் சொல்கிறது முதல் அதிகாரம். செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணைவரின் வலிமை ஆகியவற்றை எடைபோடச் சொல்கிறது இரண்டாவது. பகலில் காக்கையிடம் தோற்கும் ஆந்தையைக் காட்டிக் காலத்தின் அருமையைச் சொல்கிறது மூன்றாவது. தேருக்கு நிலமும் கப்பலுக்கு நீரும் உரியவை என்று காட்டி இடத்தின் அருமையைச் சொல்கிறது நான்காவது. கடல் குறைந்த வரைபடத்தில் கடற்பயணத் திறனைத் தேர்ந்தவர், இந்த நான்காம் பாடத்தை மறந்தவரே ஆவார்.

ஆயினும், இன்று இளைஞர் பலர் இப்பயிற்சியின் பயனைத் தாமே இழந்துவிடுகின்றனர். எந்தத் திறன் முதலிடம், எது இரண்டாமிடம் என்று வல்லுநர் எவரோ வகுத்த தரவரிசைப் பட்டியலை மனப்பாடம் செய்து, அதன்படியே அழுத்திவிட்டு நகர்கின்றனர். பட்டியல் முழுவதும் பொய்யன்று. பலர் ஆடிப் பெற்ற பட்டறிவு அதில் உண்டு. ஆனால் அதை வகுத்தவர் வேறொரு வரைபடத்தில், வேறொரு படையுடன், வேறோர் எதிரியை எதிர்த்து ஆடியவர். அவர் விடையை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் கேட்ட வினாக்களை விட்டுவிடுவது, கணக்கின் வழிமுறையை விட்டு விடையை மட்டும் பார்த்து எழுதுவதற்கு ஒப்பாகும். பட்டியலைப் படிப்பதில் தவறில்லை. இத்திறன் ஏன் முதலிடத்தில் உள்ளது, தன் ஆட்டத்திற்கு அக்காரணம் பொருந்துமா என்று கேளாமல் ஏற்பதே தவறு.

இந்தப் பட்டியல் மனப்பான்மை விளையாட்டோடு நிற்பதில்லை. பத்தாம் வகுப்பு முடித்து, பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவை எடுப்பது என்னும் வினா எழும்போது, பெங்களூருவின் பல வீடுகளில் எழுதப்படாத பட்டியல் ஒன்று வெளிவருகிறது. கணினி அறிவியல் முதலிடம், மற்றவை பின்னே என்பது அதன் சாரம். தகவல் தொழில்நுட்பத்தால் செழித்த நகரத்தில் இப்படி ஒரு பட்டியல் தோன்றியது இயல்பே. ஆனால், தன் பிள்ளைக்கு எதில் நாட்டம், எதில் வலிமை, எதில் பொறுமை என்று அப்பட்டியல் கேட்பதில்லை. மொழித்தேர்விலும் இதே நிலைதான். வீட்டில் பாட்டியிடம் தமிழும், தெருவில் கன்னடமும், வகுப்பில் ஆங்கிலமும் பேசும் மாணவர்க்கு ஒவ்வொரு மொழியும் ஒரு வழியைத் திறக்கிறது. மதிப்பெண் எதில் எளிது என்பதை மட்டுமே கேட்டு மொழியைத் தேர்வது, விழுக்காட்டை மட்டும் பார்த்துத் திறனைத் தேர்வது போன்றதே.

விளையாட்டும் வாழ்க்கையும் ஒன்றல்ல என்று சிலர் மறுப்பர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. விளையாட்டில் எட்டு இடங்கள் நிறைந்தால் கதவு அடைந்துவிடும். வாழ்க்கையில் நாற்பது வயதிலும் ஒரு மொழியைக் கற்கலாம், அறுபது வயதிலும் வீணை பழகலாம். விளையாட்டில் கண்முன் தோன்றும் இரண்டிலிருந்தே தேர வேண்டும். வாழ்க்கையில் தோன்றாத மூன்றாவதையும் தேடிச் செல்லலாம். விளையாட்டில் பொருந்தாத திறன் முழு இழப்பு. வாழ்க்கையில் முயன்று கற்றது ஏதேனும் ஒரு நாள் கைகொடுக்கும். எனவே, பாடத்தேர்வில் தவறிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று மாணவர் அஞ்ச வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்று இரண்டிற்கும் பொது: காலம் அளவுடையது. ஒன்றில் செலவிட்ட மாலைப்பொழுதை மற்றொன்றிற்குத் திருப்பித் தர இயலாது. ஆகவே தேர்வு செய்யும் கடமையிலிருந்து எவரும் தப்ப முடியாது.

இக்காலக்கணக்கு விளையாட்டிற்கும் பொருந்தும். முறைவைத்து ஆடும் விளையாட்டு, ஆடுபவரை விரட்டுவதில்லை. எண்ணி முடிக்கும் வரை காத்திருக்கும். ஆனால் ‘இன்னும் ஒரே ஒரு முறை’ என்று இழுக்கும் ஆற்றல் அதற்கும் உண்டு. கட்டுக்கடங்காத விளையாட்டுப் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டில் சேர்த்துள்ளது. அவ்வகைப்பாடு 2022இல் நடைமுறைக்கு வந்தது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம், தொழில்நுட்பத்தை நலமாகப் பயன்படுத்த வழிகாட்டும் தனிப்பிரிவை 2014லேயே தொடங்கியது. பெற்றோரின் அச்சம் வெற்று அச்சமன்று என்பதற்கு இவை சான்று. அதற்காக விளையாட்டையே விலக்குதல் தீர்வாகாது. எவ்வளவு நேரம் ஆடுவது என்பதை ஆடத் தொடங்கும் முன்பே முடிவு செய்து, அம்முடிவில் நிற்பதும் ஒரு திறனே. திரையில் தோன்றாத அத்திறனைப் பெறாதவர்க்கு மற்றத் திறன்கள் பயன்படா.

விளையாட்டில் வென்றவர் யார் என்பது மறுநாள் மறந்துபோகும். தேர்ந்தெடுக்கும் முன் களத்தைப் பார்ப்பதும், தன் பணியை உணர்வதும், பிறர் சொல்லைக் காரணம் கேட்டு ஏற்பதும், தேர்ந்தபின் அதைத் தேர்ச்சி நிலைக்கு உயர்த்தும் வரை உழைப்பதும் பழக்கமாக நிலைக்கும். அப்பழக்கத்தைத் தரும் விளையாட்டைப் பெற்றோர் பகையாக எண்ண வேண்டுவதில்லை. பிள்ளைகள் ஆடும்போது அருகில் அமர்ந்து, “ஏன் இதைத் தேர்ந்தாய்?” என்று கேட்டாலே போதும். காரணத்தைத் தெளிவாகச் சொல்லக் கற்ற பிள்ளை, பாடப்பிரிவைத் தேரும் நாளிலும் தன் காரணத்தைத் தானே சொல்லும்.

சொற்பொருள்

பட்டறிவு – அனுபவம்
விழுக்காடு – சதவீதம்
நாட்டம் – விருப்பம்
செலவு – பயணம்
நற்பேறு – நல்வாய்ப்பு

சிந்தித்து விடை எழுதுக

1. காலாள் உயர்வு பெறும்போது அரசியைத் தேர்வது எப்போதும் சிறந்ததாகாது. ஏன்?
2. வருவாய் ஈட்டும் திறன் யாருக்குச் சுமை, யாருக்குத் தக்கது? காரணம் தருக.
3. விளையாட்டும் வாழ்க்கையும் வேறுபடும் இடங்களாகக் கட்டுரை கூறுவன யாவை?
4. தரவரிசைப் பட்டியலைப் பின்பற்றுவது குறித்த கட்டுரையின் கருத்தை ஏற்கிறாயா, மறுக்கிறாயா? பத்து வரிகளில் எழுதுக.