கறுப்புக் காட்டுக் கேக்கும் களாக்காய்ச் செர்ரியும்

போன இதழில் பலாக்கொட்டைப் பொடி பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிப் பேர் பலாக்கொட்டையை விட்டுவிட்டு, "அக்கா, வீட்டிலேயே பிளாக் ஃபாரஸ்ட் கேக் செய்ய முடியுமா? ஓவன் இல்லை, முட்டை கூடாது" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும் சகோதரிகளே. குக்கர் இருந்தால் போதும். ஆனால் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் இது ஒரே நாளில் முடிகிற சமாச்சாரம் இல்லை. செர்ரிக்கு மூன்று நாள், கேக்குக்கு ஒரு நாள். நடுவில் தயிரைக் கட்டித் தொங்கவிட ஒரு ராத்திரி.

முதலில் பெயரைப் பார்த்துவிடலாம். ஜெர்மனியில் தென்மேற்கே இருக்கிற மலைக்காட்டுக்கு அவர்கள் பாஷையில் 'கறுப்புக் காடு' என்று பெயர். அந்தப் பக்கம் செர்ரிப் பழத்திலிருந்து 'கிர்ஷ்' என்று ஒரு சாராயம் வடிக்கிறார்கள். சாக்லேட் கேக், செர்ரி, கிரீம் மூன்றையும் அடுக்கி, அந்தக் கிர்ஷைத் தெளித்துச் செய்வதுதான் அசல். ஜோசஃப் கெல்லர் என்ற மிட்டாய்க்காரர் 1915-ல் தாம்தான் முதலில் செய்ததாகச் சொன்னார். அதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. யார் செய்தால் என்ன, இன்றைக்கும் ஜெர்மனியில் கிர்ஷ் வாசம் இல்லாவிட்டால் அந்தக் கேக்குக்கு அந்தப் பெயர் வைக்கக் கூடாதாம். நமக்கு அந்தச் சாராயம் வேண்டாம். அதற்குப் பதில் என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது செர்ரிக்கு வருவோம். நம்மூர் பேக்கரிக் கேக் மேல் சிவப்பாய்ப் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறதே, அது என்ன பழம் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அது செர்ரியே இல்லை. நம்ம களாக்காய்! கொட்டையை எடுத்து, சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டு, சிவப்புச் சாயம் ஏற்றி, செர்ரி என்று விற்கிறார்கள். அசல் செர்ரி காஷ்மீரிலும் ஹிமாசலத்திலும் விளைகிறது. கோடையில் கொஞ்ச நாள்தான் வரும், விலையும் நமக்கு எட்டாது. வேலியோரத்தில் முள்ளுக்கு நடுவே காய்க்கிற களாக்காய்க்கு இப்படி ஒரு யோகம். இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ஊறுகாய் போட்டால் மூக்கைச் சுளிக்கிற பிள்ளைகள், கேக் மேல் வைத்தால் அடித்துக்கொண்டு தின்கிறார்கள்.

அதனால் களாக்காய் வரும் நாளில் அரைக் கிலோ வாங்கிவிடுங்கள். கறுப்பாய்ப் பழுத்தது வேண்டாம், வெள்ளையும் சிவப்புமாய் கெட்டியாய் இருப்பதுதான் வேண்டும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்காருங்கள், பால் ஒட்டும். ஒவ்வொன்றையும் கீறி, ஊசியாலோ ஹேர்பின்னாலோ விதையை நெம்பி எடுங்கள். அலுப்பான வேலை, ஒத்துக்கொள்கிறேன். பேச ஆள் இருந்தால் தெரியாது. உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் பால் போக நாலைந்து தண்ணீர் மாற்றி அலசுங்கள். கொதிக்கிற தண்ணீரில் மூன்று நிமிஷம் போட்டு வடிகட்டுங்கள். அரைக் கிலோ சர்க்கரையில் ஒன்றரை டம்ளர் தண்ணீர் விட்டு, நாலு துண்டு பீட்ரூட்டும் போட்டுக் கொதிக்கவிடுங்கள். பாகு சிவந்ததும் பீட்ரூட்டை எடுத்துவிட்டுக் காயைப் போட்டு, சிறு தீயில் பத்து நிமிஷம். அப்படியே மூடி வையுங்கள். மறுநாள் காயை வடித்துப் பாகை மட்டும் காய்ச்சி, காயைத் திரும்பப் போடுங்கள். மூன்றாம் நாளும் அதே மாதிரி. கடைசியில் பாகு ஒரு கம்பிப் பதத்தில் நிற்க வேண்டும். முதல் நாளே கெட்டிப் பாகில் போட்டால் காய் சுருங்கித் தோலாய்ப் போகும். பாகு மெல்ல மெல்ல உள்ளே ஏறினால்தான் உருண்டையாய் நிற்கும். கடைச் செர்ரி மாதிரி கண்ணைப் பறிக்கிற சிவப்பு வராது, மாதுளை நிறம்தான் வரும். எனக்கு அதுவே பிடிக்கிறது.

அந்தப் பாகைக் கொட்டிவிடாதீர்கள். கிர்ஷுக்குப் பதில் அதுதான். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து கேக் மேல் தெளித்தால், அந்தப் புளிப்பும் வாசமும் சாக்லேட்டோடு சேர்ந்து எந்தச் சாராயத்துக்கும் இளைத்ததில்லை என்று தோன்றும்.

முட்டை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இது வெறும் ருசிப் பிரச்னை இல்லை. 1867-ல் வள்ளலார் தருமசாலை தொடங்கிய வடலூர் எங்கள் குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. என் மாமியார் தைப்பூசத்துக்கு ஜோதி பார்க்கப் போகாத வருஷம் கிடையாது. முட்டை பட்ட பாத்திரத்தில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஆனால் ஒரு வார்த்தை யாரையும் கடிந்து பேச மாட்டார். பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கடைக் கேக் வரும்போதெல்லாம், "நீங்க வெட்டுங்கம்மா, நான் காத்தாட திண்ணையில உக்காந்திருக்கேன்" என்று எழுந்து போய்விடுவார். நாங்களும் அது வழக்கம்தானே என்று இருந்துவிட்டோம். என் சின்னவனுக்குப் பத்து வயசானபோது, மெழுகுவர்த்தி ஏற்றியாகிவிட்டது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கை தட்டத் தயாராக நிற்கிறார்கள், அவன் மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். "ஆயா ஏன் எப்பவும் வெளியே போயிடுது? ஆயா வராம நான் வெட்ட மாட்டேன்."

யாருக்கும் பதில் வரவில்லை. மெழுகுவர்த்தி உருகிக் கிரீமில் வழிகிறது. கடைசியில் என் வீட்டுக்காரர் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து, தூரமாய் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அத்தை பேரனைப் பார்த்துச் சிரித்தார், கேக்கைப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் 'முட்டை இல்லாதது' என்று சொல்லி ஒரு கடையில் வாங்கினோம். அங்கே அதே கத்தியால்தான் இரண்டையும் வெட்டிக் கொடுக்கிறார்கள் என்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். அன்றோடு கடைக் கேக் எங்கள் வீட்டில் நின்றது. (பாக்கெட்டில் வருவதில் பச்சை வட்டம் பார்த்து வாங்கலாம். கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடைபோட்டுத் தருவதற்கு எந்த வட்டத்தைப் பார்ப்பது?)

சரி, கேக்கைப் பார்ப்போம். 200 மில்லி கப் ஒன்றை எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதிலேயே அளந்துகொள்ளுங்கள். மைதா ஒன்றேகால் கப், கோகோ பவுடர் கால் கப், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், ஆப்பசோடா அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. இவற்றை மூன்று தடவை சலியுங்கள். வேறு பாத்திரத்தில் புளிக்காத கெட்டித் தயிர் ஒரு கப், பொடித்த சர்க்கரை ஒரு கப், வாசமில்லாத எண்ணெய் அரைக் கப், வனிலா எசென்ஸ் ஒரு டீஸ்பூன் சேர்த்துச் சர்க்கரை கரையக் கலக்குங்கள். கோகோ ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் நாலு ஸ்பூன் பாலைப் பக்கத்தில் வைத்திருங்கள்.

அதற்கு முன்பே குக்கரில் இரண்டு கப் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வைத்து, காஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு மூடி, பத்து நிமிஷம் சூடு பண்ணியிருக்க வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டுக் கூடாது. புதுக் குக்கரை இதற்குக் கெடுக்காதீர்கள், பரணில் கிடக்கும் பழசே போதும். சலித்த மாவைத் தயிர்க் கலவையில் சேர்த்து, கட்டி இல்லாமல் ஒரே பக்கமாய்க் கலந்து, ஆறு அங்குல டின்னில் எண்ணெய் தடவி மாவு தூவி ஊற்றி உடனே உள்ளே வையுங்கள். இந்த 'உடனே' முக்கியம். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்த கணத்திலிருந்து காற்றுக் குமிழ் கிளம்புகிறது. முட்டை செய்கிற வேலையில் பாதியை அதுதான் செய்கிறது. போனில் பேசிவிட்டு வந்து வைத்தால் குமிழெல்லாம் போய்க் களிதான் வரும். சிறு தீயில் நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்து நிமிஷம். அரை மணிக்குள் திறந்து பார்க்காதீர்கள். ஈர்க்குச்சியால் குத்தினால் ஒட்டக் கூடாது.

நன்றாக ஆறவிட்டு, மறுநாள் வெட்டுவது உத்தமம். கத்தியால் வெட்டினால் பொடிந்து கோணும். எங்கள் ஊர் கைலி நெய்கிற ஊர், நூலுக்கா பஞ்சம்? சாயமில்லாத கெட்டி நூலைக் கேக்கின் இடுப்பில் சுற்றி, இரண்டு முனையையும் குறுக்காக மாற்றிப் பிடித்து இழுத்தால் தட்டு மாதிரி பிரியும். மூன்று தட்டு வரும்.

கிரீம்தான் எல்லோரும் பயப்படுகிற இடம். கடைகளில் அடித்து நுரைக்கிற கிரீம் என்று கிடைப்பதில் பெரும்பாலானது பாலே இல்லை. ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு, சர்க்கரை, வாசனை. டிரான்ஸ் கொழுப்பு இருதயத்துக்குக் கெடுதல் என்பதால், உணவில் உள்ள எண்ணெய், கொழுப்பில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து சட்டமே வந்திருக்கிறது. இருந்தாலும் கொழுப்பு கொழுப்புதானே. அட்டையைப் படித்து வாங்குங்கள். சின்னப் பெட்டியில் வரும் பால் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான், எவ்வளவு அடித்தாலும் நிற்காது. முப்பதுக்கு மேல் இருந்தால்தான் நுரை நிற்கும். அதுவும் கிண்ணத்தை ஐஸில் வைத்து விடிகாலையில் அடிக்க வேண்டும். சித்திரை வெயிலில், கரண்டும் போய்விட்டால், கிரீம் மோராகும்.

எனவே நான் செய்வது வேறு. ஒரு லிட்டர் கொழுப்பெடுக்காத பாலில் தயிர் தோய்த்து, மல் துணியில் கட்டி, வடிதட்டில் வைத்து ஃபிரிஜ்ஜுக்குள் ஒரு ராத்திரி வைத்துவிடுவேன். வடக்கே ஸ்ரீகண்ட் செய்கிறார்களே, அதே முறை. கெட்டித் தயிரில் முக்கால் கப் பொடித்த சர்க்கரையும், நாலு நாள் சேர்த்த குளிர்ந்த பாலாடை ஒரு சின்னக் கிண்ணமும் போட்டுக் கையால் மிருதுவாக அடிக்க வேண்டும். மிக்சி வேண்டாம், வெண்ணெய் திரண்டுவிடும். சர்க்கரை சேர்த்ததும் கொஞ்சம் இளகும், ஒரு மணி நேரம் குளிரவிட்டால் சரியாகும். பேக்கரி ரோஜாப்பூவெல்லாம் இதில் பிழிய முடியாது. வேண்டாமே!

பிறகு அடுக்குவது சுலபம். ஒரு தட்டு, அதன் மேல் களாக்காய்ப் பாகு நாலு ஸ்பூன், தயிர்க் கிரீம், நறுக்கிய களாக்காய். மறுபடி தட்டு. மேலேயும் பக்கத்திலும் கிரீமைத் தடவி, குளிர வைத்த சாக்லேட் கட்டியைக் கேரட் துருவியில் துருவித் தூவுங்கள். நல்ல சாக்லேட் நம் உடம்புச் சூட்டிலேயே உருகும், அதுதான் அதன் லட்சணம். வெயிலில் உருகாமல் நிற்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பு இருக்கும். கோகோ நம் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளிலேயே ஊடுபயிராக விளைகிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? களாக்காய் கிடைக்காத மாதத்தில் பண்ருட்டிப் பலாச்சுளையை நறுக்கிப் போட்டிருக்கிறேன். பெயர் மாறிவிடும், ருசி மோசமில்லை.

முதல் தடவை இதைச் செய்தபோது, களாக்காய்க்குப் பால் எடுத்துக் கொடுத்ததே அத்தைதான். ஐம்பது வருஷம் ஊறுகாய் போட்ட கை. "முட்டை இல்லாம எப்புடிம்மா உப்பும்?" என்று குக்கர் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். டின்னும் கரண்டியும் புதுசு, அவரே பார்த்து வாங்கியது. அன்று சாயங்காலம் சின்னவன் முதல் துண்டை வெட்டி ஆயா வாயில் வைத்தான். மென்றுவிட்டு அவர் சொன்னது: "தித்திப்பு கொஞ்சம் தூக்கல்." நான் மேலே முக்கால் கப் என்று எழுதியிருக்கிறேனே, அது அவர் குறைத்த கணக்கு.

சின்னக் குழந்தை உள்ளவர்களுக்கு இரண்டு வார்த்தை. முதல் பிறந்தநாள் என்று குழந்தைக்கு இதை ஊட்டாதீர்கள். இரண்டு வயது வரை சர்க்கரை சேர்த்த பண்டம் வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். குழந்தைக்கு வாழைப்பழம் மசித்துக் கொடுத்துவிட்டு, கேக்கைப் பெரியவர்கள் சாப்பிடலாம். நாலு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு முழுக் களாக்காயோ முழுச் செர்ரியோ கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொடியாக நறுக்கிக் கொடுங்கள். சர்க்கரை வியாதி உள்ள பெரியவர்களுக்கு ஒரு விரல் அகலத் துண்டு, அதுவும் அன்றைக்கு வேறு இனிப்பு இல்லாமல்.

செய்த கேக்கை வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஃபிரிஜ்ஜில் மூடி வைத்தால் இரண்டு நாள் இருக்கும். இந்தப் பக்கத்தில் அடிக்கடி நடக்கிற மாதிரி கரண்ட் நாலைந்து மணி நேரம் போய்விட்டால், மோந்து பார்த்து யோசித்துக்கொண்டு நிற்காமல் அன்றே தெருப்பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். களாக்காய்ப் பாகு மட்டும் பாட்டிலில் மாதக் கணக்கில் கெடாது, ஈரக் கரண்டி போடாமல் இருந்தால்.