பதினாறு நாள் ஊழியம்

போன மாசம் அக்கா மகள் டெக்சாஸிலிருந்து வந்திருந்தாள். மாதாப்பூரில் என் வீட்டில் ரெண்டு நாள், பிறகு லிங்கம்பள்ளியில் ரயில் ஏறி சோலாப்பூர், அங்கிருந்து கார் பிடித்து ஜாம்கேட். திரும்பும்போது இங்கே இன்னும் ரெண்டு நாள். போக வர எல்லாம் சேர்த்துப் பதினாறு நாள். அவளுடைய சபையில் இதற்கு வைத்திருந்த பெயர் 'இந்தியா மெடிக்கல் மிஷன்'. காணிக்கை வசூலித்து, ஞாயிறு ஆராதனையில் முன்னால் நிற்க வைத்து, தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்பியிருக்கிறார்கள். பிள்ளை அடுத்த வருஷம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிறாள். (இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.)

ஜாம்கேட் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். மகாராஷ்டிராவில் அகமத்நகர் மாவட்டம், இப்போது பெயர் அகில்யாநகர். மழை பொய்க்கும் பூமி. 1970ல் டாக்டர் ரஜனிகாந்த் ஆரோல் (நம்ம ரஜினி இல்லை), அவர் மனைவி டாக்டர் மேபெல் ஆரோல், ரெண்டு பேரும் அங்கே போய் இறங்கினார்கள். இருவரும் நம்ம வேலூர் சி.எம்.சி.யில் படித்தவர்கள். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வரை போய்ப் படித்துவிட்டு இந்தப் பொட்டல் காட்டுக்கு வந்தவர்கள்.

வந்து என்ன செய்தார்கள்? ஊருக்கு ஒரு பெண்ணை ஊர்க்காரர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பலரும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பலர் தலித் பெண்கள். வாரா வாரம் ஜாம்கேட்டுக்கு வரவழைத்து, ஒன்றாக உட்கார வைத்து, ஒன்றாகச் சாப்பிட வைத்து, ஒரே கூடத்தில் படுக்க வைத்துப் பாடம் நடத்தினார்கள். பிரசவம், வயிற்றுப்போக்கு, குழந்தைக்கு என்ன சாப்பாடு, தொழுநோயை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எல்லாம். 1971ல் அந்தக் கிராமங்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 176 ஒரு வயசுக்குள் செத்துக்கொண்டிருந்தன. 1990களில் அது முப்பதுக்குக் கீழே வந்துவிட்டது. அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் இந்தப் பெண்கள்தான். டாக்டர் தூரத்தில் இருந்தார். அடிகுழாய் போட இடம் பார்த்தபோது சேரிப் பக்கமாகப் பார்த்துப் போட வைத்தார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் மேல்சாதிக்காரரும் அங்கேதான் குடத்தோடு வரவேண்டும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இதுதான். இது மருத்துவமா அரசியலா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

1978ல் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் கூடி 'எல்லோருக்கும் ஆரோக்கியம்' என்று பிரகடனம் செய்தபோது முன்மாதிரியாக எடுத்துக்கொண்ட இடங்களில் ஜாம்கேட்டும் ஒன்று. 1979ல் ஆரோல் தம்பதிக்கு மகசேசே விருது. மேபெல் 1999லும் ரஜனிகாந்த் 2011லும் காலமானார்கள்.

ஆக, ஜாம்கேட் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே வெளிநாட்டு மாணவர்களுக்கு முறையாகப் பயிற்சி நடத்துகிறார்கள், அதற்குக் கட்டணம் உண்டு, கிராமத்துப் பெண்களே பாடம் எடுக்கிறார்கள். மருமகளும் அப்படித்தான் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூடம் போகாத ஒரு பாட்டி கர்ப்பிணியின் வயிற்றைத் தொட்டுப் பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்று சொன்னதைக் கண் விரிய விவரித்தாள். கேட்க எனக்கே சந்தோஷம்.

பிறகு லேப்டாப்பைத் திறந்தாள். ஊருக்குப் போய் சபையில் காட்டவேண்டிய ஸ்லைடுகள். தலைப்பு: 'ஜாம்கேட்டில் நாங்கள் செய்த ஊழியம்'. ஏழாவது ஸ்லைடில் அந்தப் பாட்டி. பெயர் இல்லை. பாட்டியின் தோளில் இவள் கை. கீழே 'ஏழைகளின் புன்னகை' என்று ஒரு வரி.

"மக்ளே, இவங்க உனக்கு டீச்சர்தானே?"

"ஆமா மாமா."

"உன் காலேஜ் ப்ரொபசர் தோளில் கை போட்டு, பேர் போடாம இப்படி ஒரு படம் காட்டுவியா?"

முகம் வாடிவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. பாடம் படிக்கப் போன பிள்ளையை, சேவை செய்யப் போகிறாள் என்று சொல்லி அனுப்பிய பெரியவர்கள் மேல்தான் என் கோபம். படிப்பு என்று சொன்னால் காணிக்கை விழாது. ஊழியம் என்றால் விழும். மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் 'கற்றுக்கொண்டேன்' என்பதைவிட 'சேவை செய்தேன்' எடுப்பாக இருக்கும். வாங்கிய இடத்தில் கொடுத்ததாகக் கணக்கு எழுதுகிற வேலை இது. சாதாரண கம்பெனி ஆடிட்டில் மாட்டினால் வேலை போகும்.

நாங்கள் நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். நெய்யூர் ஆஸ்பத்திரியும் சோமர்வெல் டாக்டரும் எங்கள் ஊரில் இன்றும் பேச்சு. 1922ல் எவரெஸ்ட் ஏறப் போய், இறங்கியபின் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தவர் நெய்யூருக்கும் வந்தார். அங்கே காத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு லண்டன் வேலையை வேண்டாம் என்றார். நெய்யூர், பிறகு வேலூர் என்று ஏறக்குறைய நாற்பது வருஷம். அவரும் முதலில் சும்மா பார்க்க வந்தவர்தான்! எல்லோரும் அப்படித் தங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நானே பிழைப்புக்கு ஐதராபாத் வந்து ஐயப்பா சொசைட்டியில் ஈ.எம்.ஐ. கட்டுகிற ஆள். பார்க்கப் போனால் பார்த்தேன் என்று சொல்லுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள பஸ்தியில் வீடு வீடாகப் போகிற ஆஷா அம்மா ஒருவர் இருக்கிறார். 2005ல் மத்திய அரசு ஆஷா திட்டத்தைக் கொண்டு வந்தபோது அதன் பின்னால் ஜாம்கேட் போன்ற இடங்களின் அனுபவம் இருந்தது. ஆனால் ஆஷா ஊழியர் அல்ல, 'தன்னார்வலர்' என்று எழுதிவிட்டார்கள். தன்னார்வலருக்குச் சம்பளம் எதற்கு? வேலைக்குத் தகுந்த ஊக்கத்தொகை போதும். 2022ல் உலக சுகாதார நிறுவனம் இவர்களுக்கு விருது கொடுத்தது. 2024 டிசம்பரில் இதே ஊரில், கோட்டியில், மாதம் 18,000 ரூபாய் நிலையான சம்பளம் கேட்டு நின்றபோது போலீஸ் வேனில் ஏற்றினார்கள். நாங்கள் ஆபீஸ் கேப்பில் போனில் செய்தி பார்த்துவிட்டு டிராபிக் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

டெக்சாஸ் பிள்ளையும் வாலண்டியர், பஸ்தி ஆஷாவும் வாலண்டியர். ஒருத்திக்கு அந்த வார்த்தை டாக்டர் சீட்டுக்கு உதவும், இன்னொருத்திக்கு அதே வார்த்தை சம்பளத்தை மறுக்க உதவும். பழைய திருவிதாங்கூரில் 'ஊழியம்' என்றால் அரசாங்கத்துக்குக் கூலியில்லாமல் செய்யவேண்டிய கட்டாய வேலை. எங்கள் முப்பாட்டன்மார் அதில் முதுகு உடைந்தவர்கள். அதிலிருந்து விலக்கு கேட்டு மனுப் போட்டவர்களில் மிஷனரிகளும் உண்டு. அந்தச் சபைகளின் பேரப்பிள்ளைகள்தான் இன்று இந்த வார்த்தையை ஸ்லைடில் போட்டு மினுக்குகிறோம்.

மருமகளும் லேசுப்பட்டவள் இல்லை. "ஜாம்கேட்டிலும் அவங்களுக்கு பெரிய சம்பளம் கிடையாதே மாமா?" என்று மடக்கினாள். நியாயமான கேள்வி. அங்கே தொழில் செய்யக் கடன், மகளிர் குழு என்று வேறு வழி பண்ணிக் கொடுத்தார்கள், ஊரில் மதிப்பும் வந்தது. ஆனாலும் மதிப்பு அரிசி வாங்காது என்று அவள் சொன்னால் என்னிடம் முழுப் பதில் இல்லை. "இதை ஸ்லைடில் போடு, உன் சபையில் கேள்" என்றேன்.

அக்கா போன் பண்ணி, "பச்சப்பிள்ளைகிட்ட உன் கம்யூனிசத்தைக் காட்டாதலே" என்று திட்டினாள். மூன்று நாள் கழித்து மருமகளிடமிருந்து மெயில். பாட்டியின் முழுப் பெயரை ஜாம்கேட்டில் கேட்டு வாங்கி, அவரிடம் அனுமதியும் கேட்டு, 'என் ஆசிரியை' என்று போட்டுவிட்டாளாம். தலைப்பை மட்டும் மாற்ற முடியவில்லையாம். கமிட்டி ஏற்கெனவே நோட்டீஸ் அடித்துவிட்டதாம்.