கணவாயை வீட்டில் வளர்க்கலாமா?

பத்தாம் வகுப்பு மாணவி, அடி அண்ணாமலை

எங்கள் வீட்டுத் திண்ணையில் லவ் பேர்ட்ஸ் கூண்டு ஒன்று தொங்குகிறது. அதன் கம்பியில், சிறு படகு போன்ற வெள்ளை ஓடு ஒன்றை அப்பா கட்டி வைத்திருக்கிறார். சுண்ணாம்புச் சத்துக்காகப் பறவைகள் அதைக் கொத்தித் தின்னும். நாட்டு மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்று கேட்டால் தருவார்கள். அலையின் நுரைதான் காய்ந்து கல்லாகிவிட்டது என்று நெடுநாள் நம்பியிருந்தேன். அது ஓட்டுக் கணவாயின் முதுகுக்குள் இருக்கும் ஓடு என்று குளச்சலில் வேலை பார்க்கும் என் சித்தப்பா சொன்னபோது வெட்கமாகிவிட்டது. கிரிவலப் பாதையில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும், தோழியரே!

அன்று பிடித்தது ஆசை. உயிருள்ள கணவாய் ஒன்றைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க வேண்டும் என்று வீட்டில் நச்சரிக்கத் தொடங்கினேன். “முட்டை கொண்டு வரட்டுமா, பாப்பா?” என்று சித்தப்பாவும் தூபம் போட்டார்.

முட்டை கிடைப்பது அங்கே கடினமன்று. குளச்சல் பக்கத்து மீனவர்கள் தென்னம்பாளைகளைக் கட்டி, மணல் மூட்டையோடு கடலில் இறக்குவார்கள். நிழலும் மறைவும் தேடி, முட்டையிட இடம் தேடி, கணவாய்கள் அங்கே கூடும். திராட்சை அளவில் வெண்மையான முட்டைகளை ஒவ்வொன்றாகப் பாளையில் ஒட்டிவைக்கும். அப்படிக் கூடும் தாய்களைத்தான் தூண்டிலில் பிடிக்கிறார்கள். இம்முறை கர்நாடகக் கரையில் பரவியபோது, முட்டையிட வரும் தாயே பிடிபட்டால் நாளைக்குக் கணவாய் ஏது என்று விஞ்ஞானிகள் எச்சரித்தனர். வலையில் அகப்பட்ட பெரிய கணவாயோ தொட்டிக்கு உதவாது. மிரண்டு பின்னோக்கிப் பாய்ந்து கண்ணாடியில் மோதும்; மையைக் கக்கும். சிறு தொட்டியில் அந்த மையே அதற்கு ஆபத்து. ஆகவே வளர்ப்பதானால் முட்டையிலிருந்துதான் வளர்க்க வேண்டும்.

பிறகு என்ன வேண்டும் என்று கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. 300 லிட்டர் தொட்டிக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் ஆகும். அதற்குச் சமையல் உப்பு உதவாது. கடல்நீரில் உள்ள மற்ற தாதுக்களும் சேர்ந்த உப்பு வேண்டும். நீர் தயாரானாலும் உடனே உயிரை விடக் கூடாது. கழிவில் உண்டாகும் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருகவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். இது எனக்குப் பட்டறிவு. ஆறாம் வகுப்பில் புதுத் தொட்டியில் அன்றே தங்கமீன்களை விட்டு, ஒரே வாரத்தில் இரண்டையும் கிணற்றடியில் புதைத்தேன். கணவாய் தங்கமீனைவிடப் பன்மடங்கு மென்மையானது. நீரில் சிறிது செம்பு கலந்தாலும் தாங்காது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நீரைக் குளிர்விக்கும் இயந்திரம் ஓட வேண்டும். மின்சாரம் போனால்?

அதைவிடப் பெரிய சிக்கல் சோறு. சுமார் இரண்டு வாரத்தில் பொரிக்கும் குஞ்சு, உயிருடன் நீந்தும் சிற்றிறாலைத்தான் வேட்டையாடும். அதுவும் தினமும் வேண்டும். எங்கள் ஊரிலிருந்து புதுச்சேரிக் கடற்கரைக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல். பட்டினி போட்டால் ஒன்றையொன்று தின்னவும் கூடும். தப்பிப் பிழைப்பது நாற்பது சென்டிமீட்டர் வரை வளரும் இனம். அதன் ஆயுளோ ஏறக்குறைய ஓராண்டு. அந்த ஓராண்டையும் கண்ணாடிச் சுவரைப் பார்த்தே கழிக்க வேண்டும்.

“கிலோக் கணக்கில் வறுத்துத் தின்கிறோம், ஒன்றை வளர்த்தால் பாவமா?” என்று அண்ணன் கேலி செய்தான். தின்பவர் யாரும் கணவாயிடம் அன்பு வைத்திருப்பதாகச் சொல்வதில்லையே. நான் சொன்னேன். அதனால் எனக்குப் பொறுப்பு அதிகம்.

வளர்க்கவே கூடாது என்பது என் கட்சியன்று. விழிஞ்ஞத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இதே இனத்தைத் தொட்டியில் வளர்த்து, அவை இணை சேர்வது வரை கண்டு, 2005இல் எழுதியுள்ளனர். அவர்கள் வாசலிலேயே கடல் இருக்கிறது. 2021இல் வெளியான மற்றோர் ஆய்வில், உடனே கிடைக்கும் இறால் துண்டை விட்டுவிட்டு, பிடித்தமான உயிர் இறாலுக்காகக் கணவாய்கள் 50 முதல் 130 விநாடிகள் வரை காத்திருந்தனவாம். அடுப்பிலிருந்து இறங்கிய முறுக்கு ஆறும்வரை எனக்கு அத்தனை பொறுமை கிடையாது. மூன்று இதயமும் நீல இரத்தமும் கொண்டு, நிறமே தெரியாத கண்ணோடு நொடியில் நிறம் மாறும் அந்தப் பிராணியைப் பற்றி இவ்வளவு தெரிந்ததும் தொட்டியில் வளர்த்ததால்தான். ஆனால் கடலிலிருந்து இவ்வளவு தொலைவில், தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண்ணின் வீட்டுக் கூடம் அதற்கு இடமன்று என்பதே என் கருத்து.

சித்தப்பாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். “நல்லதாப் போச்சு, வாளியோட பஸ்ஸில் வரணுமேன்னு பயந்துட்டிருந்தேன்” என்றார். பொதுத்தேர்வு முடிந்ததும் நான்தான் குளச்சலுக்குப் போகிறேன். முட்டை ஒட்டிய பாளை ஒன்றைக் காட்டுவதாக அவர் வாக்களித்திருக்கிறார். பார்த்ததும் அதைத் திரும்பக் கடலிலேயே போட்டுவிட வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.