மதகடியில் நடக்கும் பரீட்சை

2015 மே 13 காலை பள்ளிக்கூடம் போன புங்குடுதீவு மாணவி உயிருடன் வீடு திரும்பவில்லை. 2017 செப்டெம்பர் 27 அன்று யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள், அவளை வன்புணர்ந்து கொன்ற வழக்கில் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். ஊரெல்லாம் 'தூக்கில போடு' என்றது. 1976க்குப் பிறகு இலங்கையில் யாரையும் தூக்கிலிட்டதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். பெண்ணின் உடல் தனக்கு உரியது என்ற எண்ணம் ஒருவனுக்கு எந்த வயதில், யாரிடமிருந்து வருகிறது என்று அன்று யாரும் கேட்கவில்லை.

இலங்கை உட்பட ஆறு ஆசிய பசிபிக் நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை விசாரித்து, ஐ.நா. அமைப்புகள் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வன்புணர்ந்ததாக ஒப்புக்கொண்டவர்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் முதன்முதலில் அதைச் செய்தது பதின்ம வயதில். ஆசைப்பட்டேன், எனக்கு உரிமை இருக்கிறது என்பதே பெரும்பாலானோர் சொன்ன காரணம். பொழுதுபோக்குக்காக என்றவர்கள் அடுத்து. நாம் எப்போதும் பழிபோடும் குடி கடைசியில்தான் வந்தது.

அந்த உரிமை எண்ணம் எங்கே வளர்கிறது என்று அறிய, தீவகத்தில் வேலணையிலோ ஊர்காவற்துறையிலோ பின்னேரம் மதகடியில் நின்று பாருங்கள். ரியூஷன் முடிந்து பெட்டையள் சைக்கிளில் போவார்கள். பதினைந்து வயதுப் பெடியன் ஒருத்தனை மூத்தவர்கள் உசுப்புவார்கள்: "டேய், கேட்டனியோ? என்னவாம்?" அவள் "வேண்டாம்" என்றிருப்பாள். அதை அப்படியே சொன்னால் "நீயெல்லாம் ஒரு ஆம்பிளையோ?" என்ற சிரிப்பு. ஆகவே பொய் சொல்வான். அல்லது மறுநாளும் அவள் பின்னால் போவான். அவன் பரீட்சை எழுதுவது அவளுக்கு முன்னால் அல்ல, இவர்களுக்கு முன்னால். அவளுடைய மறுப்பு இவனுக்கு மானப் பிரச்சினையாவது இப்படித்தான். வீட்டில் முறையிட்டால், "ஆம்பிளைப் பிள்ளை, அப்பிடி இப்பிடித்தான் இருப்பான்" என்பார்கள். பெட்டையின் சைக்கிளைத்தான் நிறுத்துவார்கள்.

தீவகத்துத் தகப்பன்மார் பலர் முன்பு கொழும்புக் கடைகளில் இருந்தார்கள், இன்று கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். வட்ஸ்அப்பில் பரீட்சைப் புள்ளியை விசாரிப்பார்கள், பெண்ணின் மறுப்பைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். சொல்லிக்கொடுக்க மிஞ்சுவது மதகும் கைபேசியும். கைபேசியில் வரும் படங்களில் எந்தப் பெண்ணும் மறுப்பதில்லை.

பதினாறு வயதுக்குக் குறைந்த பெண் பிள்ளை சம்மதித்தாலும் சட்டத்தின் முன் அது வன்புணர்வே. மதகில் இருக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்? சுகாதாரமும் உடற்கல்வியும் புத்தகத்தில் இனப்பெருக்க அலகு வந்ததும் "வீட்டில வாசியுங்கோ" என்று பக்கத்தைப் புரட்டும் ஆசிரியர்களே, வெட்கத்தை ஒருநாள் ஒதுக்கிவைத்து அதைப் படிப்பியுங்கள். பெடியளையும் வைத்துக்கொண்டு படிப்பியுங்கள். ஆண் பிள்ளைகளும் பாலியல் கொடுமைக்கு ஆளாகிறார்கள். ஆம்பிளை என்ற அதே வீறாப்புத்தான் அவர்களின் வாயையும் அடைக்கிறது. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் அவர்களுக்கும் உரியது. அதை வகுப்பறைச் சுவரில் பெரிதாக எழுதிப் போடுங்கள்.