அவிழாத முடிச்சு

முடிச்சு அவிழவில்லை என்பது வேறு. அவிழவே அவிழாது என்பது வேறு. நூலில் முடிச்சிட்டு இரு முனைகளையும் ஒட்டிவிடுவோம். அறுக்காமல் அதை வெறும் வளையமாக்க இயலுமா?

இதில் கண்ணை நம்புவதற்கில்லை. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கரான லிட்டில் வகுத்த முடிச்சு அட்டவணையில் வெவ்வேறாக நின்ற இரு படங்கள் ஒரே முடிச்சே என்று, 1974-இல்தான் கென்னத் பெர்கோ என்னும் வழக்கறிஞர் காட்டினார்.

வர்ணங்களையோ நம்பலாம். மேலும் கீழும் மாறி மாறிச் செல்லும் மூன்று குறுக்கீட்டு முடிச்சை வரைந்தால், அடியில் செல்லுமிடங்களில் கோடு அறுபட்டு மூன்று துண்டாகும். துண்டுக்கொரு வர்ணம் தீட்டுவோம். குறுக்கீடுதோறும் ஒரே வர்ணமோ, மூன்றுமோ கூடவேண்டும் என்பது விதி. நூலை எப்படி நெளித்தாலும் இவ்விதிப்படி பல வர்ணம் தீட்டும் வாய்ப்பு அழிவதில்லை. வெறும் வளையத்திற்கோ ஒரே வர்ணந்தான். ஆகவே, அம்முடிச்சு என்றும் அவிழாதென்று நாம் துணிந்து கூறலாம்.