ஆள் இல்லையா, ஆடுகளம் இல்லையா?

ஆண்டு விழா விளையாட்டுப் போட்டிகளைப் பற்றி முடிவு செய்யச் சென்ற திங்கள் நம் சங்கத்தின் செயற்குழு கூடியது. மகளிர் கபடிக் குழு ஒன்று இவ்வாண்டு முதல் வேண்டும் என்று நான் எழுந்து கேட்டேன். "எழுவர் கூடத் தேற மாட்டார்களே! ஆளுக்கு எங்கே போவது?" என்றார் நண்பர் ஒருவர். அவர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆயினும் அதைத் தொடர்ந்து எழுந்த சிரிப்பில் என் கோரிக்கை கரைந்து போயிற்று. அன்று சொல்ல வாராத விடையை இன்று எழுதுகிறேன்.

விடையைத் தேடி நான் ஆஸ்திரேலியா வரை செல்ல வேண்டியிருக்கிறது. கபடிக்கும் அந்நாட்டுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். நம் நண்பர் கேட்ட அதே வினாவை அந்நாட்டாரும் பல்லாண்டுகள் கேட்டுக் கொண்டிருந்தனர். பின்னர் விடையும் கண்டனர். அதுதான் உறவு.

மெல்போர்ன் நகரில் 1859ஆம் ஆண்டு விதி எழுதப்பட்ட கால்பந்து ஒன்று உண்டு. அது நாம் ஆடும் கால்பந்து அன்று. திடல் நீள்வட்டம், பந்தும் நீள் உருண்டை. பந்தை உதைக்கலாம், பிடிக்கலாம், மூடிய கையால் குத்தித் தோழருக்கு அனுப்பலாம். ஒவ்வோர் எல்லையிலும் நான்கு கம்பங்கள். நடுவிரண்டின் இடையே உதைத்தால் ஆறு புள்ளி, பக்கத்து இடைவெளியில் சென்றால் ஒன்று. அந்நாட்டின் தென் மாநிலங்களில் இவ்வாட்டம் ஊர்த் திருவிழாவைப் போன்றது. ஆனால் பெண்கள் நெடுங்காலம் அவ்விழாவின் பார்வையாளராகவே இருந்தனர்.

ஆட விரும்பிய பெண்கள் இல்லாமலில்லை. விக்டோரியா மாநிலத்தில் 1981இலேயே பெண்கள் தமக்கென ஒரு லீக் அமைத்து ஆடத் தொடங்கினர். ஆனால் சிறுமியருக்கு வழி அடைபட்டிருந்தது. சிறுவர்களோடு சேர்ந்து ஆடிய பெண், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். 2003இல் அவ்வாறு நிறுத்தப்பட்ட மூன்று சிறுமியர் வழக்குத் தொடுத்தனர். அவர்களுள் ஒருவரான பென்னி குலா-ரீட், பின்னாளில் 2017இல் காலிங்வுட் கழகத்தின் பெண்கள் குழுவில் ஆடினார்.

அந்த 2017தான் திருப்பம். அவ்வாண்டு எட்டுக் கழகங்களோடு ஏ.எஃப்.எல். மகளிர் லீக் பிறந்தது. எட்டுக் குழுக்களும் புதியவை. ஒவ்வொன்றுக்கும் 27 பேர் வேண்டும். ஆளுக்கு எங்கே போவது?

அவர்கள் செய்ததைப் பாருங்கள். முதலில் பெயர் பெற்ற இருவரை ஒவ்வொரு கழகமும் ஒப்பந்தம் செய்தது. அடுத்து, கால்பந்தை விட்டு வேறு ஆட்டங்களுக்குச் சென்றிருந்தவர்களுக்கும் இடம் ஒதுக்கினர். எஞ்சியோரை முறை வைத்து ஒருவர் பின் ஒருவராகத் தேர்ந்தெடுத்தனர்.

இவற்றுள் என் மனத்தைக் கவர்ந்தது வேறு ஆட்டக்காரர்களை அழைத்ததுதான். எரின் பிலிப்ஸ் என்பவரின் தந்தை புகழ்பெற்ற கால்பந்து வீரர். மகளும் பதின்மூன்று வயதுவரை ஆடினார். பிறகு வழி இல்லை, கூடைப்பந்துக்குச் சென்றார், 2008 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற ஆஸ்திரேலியக் குழுவில் இடம் பெற்றார். 2017இல் தம் 31ஆம் வயதில் அடிலெய்டு குழுவுக்காகத் திடலில் இறங்கினார். அடிலெய்டு கோப்பையை வென்றது. லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது. நெட்பாலில் நாட்டுக்காக ஆடிய ஷார்னி லேட்டன், உயர எகிறிப் பந்தைத் தட்டும் பணிக்குக் காலிங்வுட்டுக்கு வந்தார். 2020இல் லீக்கின் தலைசிறந்த குழுவில் அவர் பெயரும் இருந்தது. அயர்லாந்தில் கேலிக் கால்பந்து ஆடிய கோரா ஸ்டான்டன், 2018இல் 36 வயதில் சிட்னிக்கு வந்து ஆடத் தொடங்கினார். ஆள் இல்லாமல் இல்லை. வேறு வேறு திடல்களில் சிதறிக் கிடந்தனர்.

பார்வையாளரைப் பற்றியும் இதே ஐயம் இருந்தது. 2017 பிப்ரவரி 3ஆம் நாள் மெல்போர்னில் நடந்த முதல் ஆட்டத்துக்கு 24,568 பேர் வந்தனர். திடல் நிறைந்து வாயிற்கதவுகள் மூடப்பட்டன. உள்ளே இடமின்றி வெளியே நின்றவர்களிடம் லீக்கின் தலைவரே நேரில் வந்து வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று.

எல்லாம் இனிதே நடந்தது என்று நான் கூற வரவில்லை. புதுக் குழுக்கள் பெருகப் பெருகப் பழைய குழுக்களிலிருந்து ஆள் போயிற்று. முதல் ஆட்டத்தில் லீக்கின் முதல் கோலை உதைத்த ஜாஸ்மின் கார்னர் காலிங்வுட்டை விட்டு, 2019இல் புதிதாக வந்த நார்த் மெல்போர்னுக்குச் சென்றார். வேறு சிலரையும் இழந்த காலிங்வுட் அவ்வாண்டு ஒரே ஓர் ஆட்டத்தில்தான் வென்றது. "இத்தனை விரைவாகக் குழுக்களைப் பெருக்கினால் ஆட்டத்தின் தரம் கெடும்" என்றனர் பலர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை.

2022இல் மேலும் நான்கு கழகங்கள் சேர, குழுக்கள் பதினெட்டாயின. அந்நான்கில் ஒன்று சிட்னி. இளம் பெண்கள் நிறைந்த அக்குழு பத்து ஆட்டங்கள் ஆடியது, பத்திலும் தோற்றது. நம் செயற்குழுவாக இருந்திருந்தால் அன்றே தீர்மானம் போட்டுக் கலைத்திருக்கும்! சிட்னி கலைக்கவில்லை. தோற்ற இளையோரை வைத்துக் கொண்டு, க்ளோயி மொல்லாய் போன்ற அனுபவசாலிகள் சிலரை அழைத்துச் சேர்த்தது. 2023இல் அதே சிட்னி இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்று, அதில் ஓர் ஆட்டத்தில் வெற்றியும் கண்டது. நார்த் மெல்போர்ன் 2024இல் கோப்பையையே வென்றது.

இதிலிருந்து நான் கொள்ளும் கருத்து ஒன்றே. ஆட்டக்காரர் சேர்ந்த பிறகு குழு அமைப்போம் என்பது தலைகீழ்க் கணக்கு. குழு அமைந்தால்தான் ஆட்டக்காரர் வெளியே வருவார்கள். 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று நம் ஊரில் சொல்வார்கள். கூடமே கட்டித் தராதவர்கள் அப்பழமொழியைச் சொல்லலாமா?

இதில் என் சொந்த வருத்தமும் கலந்திருக்கிறது, மறைக்கவில்லை. எட்டாம் வகுப்புவரை நான் எங்கள் பள்ளியில் கபடி ஆடினேன். ஒன்பதாம் வகுப்பில் மாலைநேரத் திடல் மாணவர்களுக்கு மட்டும் என்றாயிற்று. எங்களை யாரும் கடிந்து விரட்டவில்லை. "உங்களுக்கு எதற்கம்மா?" என்ற அன்பான ஒரு சொல்லே போதுமானதாயிருந்தது. அன்று என்னோடு வெளியேறியவர்கள் பதினொருவர். அவர்களுள் யார் எப்படி ஆடியிருப்பார்கள் என்று இனி எவராலும் சொல்ல இயலாது.

தொலைவிலுள்ள இந்த வளாகத்தில் தமிழராய் ஒன்றுகூடிப் பொங்கல் வைக்கிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம். நம் மகளிர் விடுதியை ஒருமுறை சுற்றி வந்தால் போதும். விடியலில் ஓடும் தங்கை ஒருத்தி இருக்கிறாள். பரதம் பயின்று காலில் உறுதி பெற்றவள் ஒருத்தி. பள்ளி நாளில் கோகோ ஆடியவர்கள் இருவர். கபடிக் குழுவுக்குக் களத்தில் எழுவர், மாற்றுக்கு ஐவர் போதும். பன்னிருவரைத் தேடித் தரும் பொறுப்பை நானே ஏற்கிறேன். செயற்குழு தர வேண்டியவை இரண்டு: வாரத்தில் மூன்று மாலை திடல், விழா நிரலில் ஓர் இடம்.

முதல் ஆண்டு தோற்போம், ஐயமில்லை. தோற்பதற்கும் ஒரு குழு வேண்டுமல்லவா? அதைத்தான் கேட்கிறேன். அடுத்த கூட்டத்தில் மீண்டும் எழுந்து நிற்பேன். நண்பர்கள் சிரிக்குமுன் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.